முதலில் நோயின் பெயர்: காய்கறி, பயறுப் பயிர்களில் நோய் அறிதலும் பயிர் காத்தலும்

மாசி மாதத்தில் காவிரிப் படுகையின் நெல் தரிசு உளுந்து வயல்களை விடியற்காலையில் போய்ப் பார்க்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை ஈ பறக்கத் தொடங்கிவிடும். பனி காயும் முன் இலையின் அடிப்பக்கத்தில் மந்தமாக ஒட்டிக் கிடக்கும். தஞ்சைப் பக்கம் அப்படி ஒரு வயலின் வரப்பில் நின்றபோது, பச்சைக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் பூத்தது போலத் தெரிந்தது. உளுந்தின் பூவும் மஞ்சள்தான், ஆனால் அது இவ்வளவு தூரத்துக்குத் தெரியாது. கிட்டே போய்ப் பார்த்தால் இலைதான் மஞ்சள். ஒரே இலையில் பளிச்சென்ற மஞ்சள் திட்டும் கரும்பச்சைத் திட்டும் வண்ணம் கொட்டினாற்போல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இலையை மெதுவாகத் திருப்பினால் அரிசிக் குருணையைவிடச் சிறிய வெள்ளைப் பூச்சிகள் ஏழெட்டு.

நிலத்துக்காரர் சொன்னார்: "சத்து பத்தலைன்னு நெனைச்சு யூரியா கரைச்சு அடிச்சேங்க. கேக்கலை. அப்புறம் கடையில பூஞ்சாண மருந்து ஒண்ணு குடுத்தாங்க. அதுக்கும் கேக்கலை." மூன்றாவது மருந்து வாங்க அவர் அன்று காலை கிளம்பிக்கொண்டிருந்தார்.

அவர் வயலில் இருந்தது மஞ்சள் தேமல் நோய். அது வைரஸ். செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. யூரியாவும் பூஞ்சாணக்கொல்லியும் செய்த ஒரே வேலை, அவருடைய பணத்தையும் பத்து நாளையும் கரைத்தது. அந்தப் பத்து நாளில் வெள்ளை ஈ வயலின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நம் ஊர்க் காய்கறி, பயறுப் பயிர்களின் நோய்களைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மருந்துகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நோயின் பெயர் தெரியும் முன்பே மருந்தின் பெயர் முடிவாகிவிடுகிறது. இந்தத் துறையின் மற்றக் குறைகள் எல்லாம் இந்த ஒன்றுக்குப் பின்னால்தான் வருகின்றன என்பது என் எண்ணம்.

வயலைப் பார்த்து, பிறகு இலையைப் பார்த்து

கையில் கிடைத்த ஒரு இலையை வைத்துக்கொண்டு நோயைச் சொல்லிவிடலாம் என்பது பெரிய மயக்கம். இலை எங்கே இருந்தது, அந்தச் செடி வயலின் எந்த மூலையில் நின்றது, பக்கத்துச் செடி எப்படி இருந்தது என்பவையும் சேர்ந்தால்தான் விடை வரும். வைரஸ் நோய் பெரும்பாலும் சிதறலாகத் தொடங்கும். இங்கொரு செடி, அங்கொரு செடி, வரப்போரத்தில் கொஞ்சம் அதிகம். மண்ணில் இருக்கும் வாடல் கிருமி திட்டாக வந்து, பாசன நீர் ஓடும் திசையில் நீளும். சத்துக் குறையோ மண் எப்படியோ அப்படிப் பரவி நிற்கும். சுண்ணாம்பு மண் திட்டில் மட்டும் வெளுத்து, அடுத்த பாத்தியில் பச்சையாக இருக்கும்.

மஞ்சளிலேயே எத்தனை வகை! தழைச்சத்து குறைந்தால் அடி இலைகள் முதலில் முழுதாக வெளுக்கும். இரும்புச்சத்து குறைந்தால் கொழுந்து வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். தேமல் நோயிலோ மஞ்சளுக்கு ஒழுங்கே கிடையாது. திட்டுத் திட்டாக, நரம்பைத் தாண்டியும் போகும். இதே மஞ்சள் வெண்டையில் வந்தால் கதை தலைகீழ். அங்கே நரம்புகள்தான் மஞ்சளாகி வலை பின்னினாற்போல் தெரியும், நடுவில் பச்சை இருக்கும். காயும் வெளிறி, நார் ஏறிச் சந்தைக்கு உதவாமல் போகும். இரும்புக் குறையில் பச்சை வலை, வெண்டைத் தேமலில் மஞ்சள் வலை. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு தவறமாட்டார்.

நோயே இல்லாமல் நோய் போலத் தோன்றுவதும் உண்டு. பக்கத்து வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்திருப்பார்கள். காற்றில் வந்த சாரல் தக்காளியிலோ கத்தரியிலோ வெண்டையிலோ பட்டிருக்கும். இலை குறுகி, விரல் போல நீண்டு, நரம்புகள் இணையாக நெருங்கி, அப்படியே வைரஸ் தாக்கினாற்போல் இருக்கும். களைக்கொல்லி அடித்த கைத்தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தினாலும் இதேதான். நோய் என்றால் புதிது புதிதாகச் செடிகள் விழுந்துகொண்டே இருக்கும். இது ஒரே நாளில் ஒரு பக்கமாக வந்து, பிறகு பரவாமல் நிற்கும்.

இந்த மயக்கத்துக்கெல்லாம் தலையாயது மிளகாய். இலை சுருண்டால் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், சுருட்டை. அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. இலைப்பேன் உறிஞ்சினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து தோணி போல் ஆகும். மஞ்சள் சிலந்திப்பேன் உறிஞ்சினால் கீழ்நோக்கி வளையும், இலைக்காம்பு நீளும், இலையின் அடி பழுப்பாக மினுங்கும். வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருட்டு வைரஸ் என்றால் இலை சிறுத்து, தடித்து, நரம்பு புடைத்து, செடியே குறுகி நிற்கும். ஒரு வெள்ளைத் தாளைச் செடியின் நுனிக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டினால், வைக்கோல் நிறத்தில் நெளிந்து ஓடும் இலைப்பேனைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். சிலந்திப்பேனுக்குக் கைலென்ஸ் வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், இலைப்பேனுக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் சிலந்திப்பேனைத் தொடுவதில்லை. அது பூச்சியல்ல, எட்டுக்கால் வகை. நனையும் கந்தகம் கேட்கிற இடத்தில் பூச்சிமருந்தை அடித்தால், சிலந்திப்பேனைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்கள் செத்து நோய் இன்னும் பெருகும். வைரஸ் செடிக்கோ இரண்டுமே பயனில்லை. பிடுங்கிப் புதைப்பதுதான் வழி.

வாடல்: ஒரு கண்ணாடி டம்ளர் சொல்லும் சேதி

காலையில் நிமிர்ந்து நின்ற தக்காளிச் செடி மதியம் தொங்கிப்போகிறது. மாலையில் கொஞ்சம் தெளிகிறது. மூன்றாம் நாள் இலை மஞ்சளாகக்கூட மாறாமல், பச்சையாகவே செத்துப்போகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு பாசனம் விடுவார்கள். அதுதான் கேடு, ஏனெனில் அந்தத் தண்ணீரோடுதான் கிருமி அடுத்த பாத்திக்குப் போகிறது.

இதற்கு எந்த ஆய்வகமும் தேவைப்படாத சோதனை ஒன்று இருக்கிறது. வாடிய செடியின் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே அறுத்து, நான்கு விரற்கடை நீளத்துக்கு எடுத்து, தெளிந்த தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளரில் முனை மட்டும் மூழ்குமாறு பிடிக்க வேண்டும். டம்ளரை ஆட்டக் கூடாது. சில நிமிடங்களில் அறுத்த வாயிலிருந்து பால் போன்ற மெல்லிய இழை ஒன்று நேராகக் கீழே இறங்கும், ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்த்தது போல. அந்த இழை முழுவதும் ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை, இஞ்சி, நிலக்கடலை என்று 200-க்கும் மேற்பட்ட செடியினங்களைத் தாக்கும் கிருமி அது. இழை இறங்கவில்லை என்றால் தண்டை நெடுக்காகப் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ஃபியூசேரியம் என்ற பூஞ்சாண வாடலாக இருக்க இடமுண்டு. துவரையில் பட்டையை உரித்தால் கறுப்புக் கோடுகள் தெரியும் இந்த வாடலைத்தான் பீகாரின் பூசாவில் எட்வின் பட்லர் என்ற விஞ்ஞானி 1906-லேயே ஆராய்ந்து எழுதினார். இந்தியாவில் பயிர்நோய் அறிவியலின் தொடக்கப் பக்கங்களே ஒரு பயறுப் பயிரைப் பற்றியவை.

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறில் வெயில் காலத்தில் வரும் வேர் அழுகல் வேறு ஆள். செடியைப் பிடித்து இழுத்தால் எளிதாக வந்துவிடும்; தண்டின் அடியில் பட்டை நார்நாராகக் கிழிந்து, அதில் கரித்தூள் தூவினாற்போல் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அவை மேக்ரோஃபோமினா பூஞ்சாணத்தின் உறங்கும் வித்துக்கள். காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் படுத்திருந்து, ஈரம் குறைந்து சூடு ஏறும்போது எழுந்துவரும்.

வேரைப் பார்க்கும்போது இன்னொரு தவறும் நடக்கிறது. பயறுச் செடியின் வேரில் உருண்டை உருண்டையாக இருப்பதைக் கண்டு நூற்புழு என்று பதறுவார்கள். விரலால் உருட்டினால் உதிர்ந்துவிடுகிறதா, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பா? அப்படியானால் அது ரைசோபியம் முடிச்சு. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நண்பன். வேரே வீங்கி, பிய்க்க முடியாமல், வேரோடு வேராக இருந்தால்தான் வேர்முடிச்சு நூற்புழு. நண்பனையும் பகைவனையும் பிரித்தறிய இரண்டு விரல் போதும்.

பாக்டீரியா வாடலுக்கு நிலையான மருந்து இல்லை. நெல்லோடு பயிர் சுழற்சி, வடிகால், மண்ணின் புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு, இவை கொஞ்சம் கைகொடுக்கும். எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ஒட்டு நாற்று. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், வாடலைத் தாங்கும் கத்தரியின் வேர்த்தண்டில் தக்காளியை ஒட்டவைத்து வெப்ப நாடுகளுக்கு வழி காட்டியது. நம் ஊரில் கத்தரியைச் சுண்டையின் மேல் ஒட்டுக்கட்டுகிறார்கள். கொல்லையில் யாரும் கேட்பாரின்றி வளர்ந்து வத்தலுக்குக் காய் தந்த அந்தச் சுண்டைச் செடிக்கு வாடலையும் நூற்புழுவையும் தாங்கும் திறன் இருக்கிறது. நாற்றின் விலை கூடுதல்தான், ஆனால் பாதித் தோட்டம் செத்தபின் மருந்துக்குக் கொடுக்கும் விலையோடு அதை ஒப்பிட வேண்டும்.

கடத்திகளும் அனந்தப்பூர் பாடமும்

வெப்பமண்டலத்தில் வைரஸ் நோய்கள் இவ்வளவு கொடுமையாக இருப்பதற்குக் காரணம், இங்கே பூச்சிக்குக் குளிர்கால ஓய்வு கிடையாது. ஒரு பட்டத்துப் பயிர் முடியும் முன் அடுத்தது முளைத்துவிடுகிறது. இடைவெளியில் களைச்செடி காத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் நோய்க்குச் சோறு உண்டு.

எல்லாப் பூச்சியும் ஒரே மாதிரி கடத்துவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மருந்தின் எல்லையும் புரியும். வெள்ளை ஈ நோயுள்ள இலையில் கால்மணி நேரம் உறிஞ்சினாலே வைரஸை ஏற்றிக்கொள்ளும்; அதன்பின் பெரும்பாலும் சாகும்வரை பரப்பும். அசுவினி வேறு மாதிரி. தட்டைப்பயறின் தேமல் வைரஸ்களை அது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் எடுத்து அடுத்த செடியில் வைத்துவிடும். மருந்து பட்டுச் சாவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆகவே அசுவினி கடத்தும் நோய்க்குப் பூச்சிமருந்து அடித்துப் பயன் குறைவு. வெள்ளை ஈக்கோ விதை நேர்த்தியும் முதல் சில வாரப் பாதுகாப்பும் ஓரளவு பயன்தரும். ஆனால் செயற்கை பைரித்ராய்டு மருந்துகளைத் தொடர்ந்து அடித்தால் வெள்ளை ஈயின் எதிரிகள் ஒழிந்து அதன் கூட்டமே பெருகும்.

நோய்க்குச் சரியான பெயர் தேடிய வரலாற்றில் கத்தரியின் சிற்றிலை நோய் தனிக்கதை. இலைகள் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறுத்து, கொத்துக் கொத்தாகப் புதர் போல் மண்டி, பூவே இலையாக மாறிக் காய் பிடிக்காமல் நிற்கும் நோய். 1939-ல் கோயம்புத்தூரிலிருந்துதான் தாமஸும் கிருஷ்ணசாமியும் இதை முதலில் விவரித்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வைரஸ் என்றே உலகம் நம்பியது. 1967-ல் ஜப்பானில் டோய் என்பவரும் அவர் குழுவினரும் மல்பெரி போன்ற செடிகளில் செல்சுவரற்ற புதுவகை நுண்ணுயிரைக் கண்ட பிறகுதான், இது ஃபைட்டோபிளாஸ்மா வகை என்று தெரிந்தது. பரப்புவது தத்துப்பூச்சி. துவரையின் மலட்டுத் தேமல் இன்னும் நெடிய காத்திருப்பு. 1931-ல் பீகாரின் பூசாவில் மித்ரா பதிவு செய்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் பரப்புகிறது என்பது இடையில் தெரிந்தது. நோயின் மூலமான வைரஸை ஹைதராபாத் இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் கூட்டாளிகளும் பிடித்தபோது ஆண்டு 2000-ஐ ஒட்டிவிட்டது. செடி பச்சையாக, தழைத்து நிற்கும். பூ மட்டும் வராது. பார்த்தால் செழிப்பு, அறுத்தால் வெறுங்கை. பெயர் வைக்க எழுபது ஆண்டு ஆன நோயை, கடையில் இலையைக் காட்டி ஒரு நிமிடத்தில் தீர்மானிக்கிறோம்!

அனந்தப்பூரின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஆந்திரத்தின் அந்த மானாவாரி மாவட்டத்தில் நிலக்கடலைச் செடிகளின் கொழுந்து கருகியது, தண்டு கருகியது, இளஞ்செடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சுமார் 2,25,000 ஹெக்டேரில் பரவிய அந்த நோயால் 300 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று கணக்கிட்டார்கள். பார்வைக்கு அது ஏற்கெனவே பழகிய மொட்டுக் கருகல் நோய் போலவே இருந்தது. சோதனையில் வந்த விடை வேறு: புகையிலைக் கீற்று வைரஸ். இரண்டையும் இலைப்பேனே பரப்புகிறது, ஆனால் பரப்பும் விதம் வேறு. மொட்டுக் கருகல் வைரஸ் இலைப்பேனின் உடலுக்குள்ளேயே பெருகும். கீற்று வைரஸோ மகரந்தத்தில் இருக்கிறது. இலைப்பேன் அந்த மகரந்தத்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்து, கடலை இலையைச் சுரண்டும்போது புண்ணில் தேய்க்கிறது.

அந்த மகரந்தம் எங்கிருந்து வந்தது? பார்த்தீனியத்திலிருந்து. சாலையோரம், தரிசு, வரப்பு என்று எங்கும் மண்டிய அந்த வெள்ளைப்பூக் களை வைரஸைச் சுமந்தும் நோய்க்குறி எதையும் காட்டவில்லை; பச்சையாகச் சிரித்துக்கொண்டு நின்றது. நோயின் பெயர் சரியாகத் தெரிந்த பிறகு வழியும் மாறியது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் அகற்றுவது, காற்றோடு வரும் இலைப்பேனைத் தடுக்க வயலோரம் நெருக்கமாகச் சில வரிசை சோளமோ கம்போ விதைப்பது, விதை நேர்த்தி. கடலைக்கு மருந்தடித்து நிற்கும் நோயல்ல அது. அது வரப்பில் இருந்தது.

ரகங்கள் தாங்கும், தோற்கும்

வைரஸுக்கு மருந்தில்லை என்றால் மிஞ்சுவது தாங்கும் ரகம். இதில் நம் நாட்டுப் பயிர் விஞ்ஞானிகள் செய்தது பெரிய வேலை. ஆனால் அது ஒருமுறை வென்று முடிகிற போர் அல்ல என்பதற்கு வெண்டையே சாட்சி. 1924-ல் பம்பாய் மாகாணத்தில் குல்கர்னி பதிவு செய்த மஞ்சள் நரம்புத் தேமல், செடியின் எந்த வயதில் தாக்கியது என்பதைப் பொறுத்து 50 முதல் 94 சதவீதம் வரை மகசூலை அழிக்கக் கூடியது. 1950-களில் தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான பூசா சவானி தேமலைத் தாங்கி நின்று நாடெங்கும் பரவியது. பின்னர் அதுவும் விழுந்தது. காட்டு வெண்டை இனத்தின் தாங்குதிறனைக் கலந்து பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்க்கா அனாமிகாவைக் கொண்டுவந்தது. காலப்போக்கில் அதிலும் மஞ்சள் வலை தெரியத் தொடங்கியது. வைரஸ் மாறுகிறது, இரண்டு வைரஸ்கள் ஒரே செடியில் சேர்ந்து புதிதாகக் கலக்கின்றன. அதே பெங்களூரு நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் தக்காளி இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் சேர்த்துத் தாங்கும் வீரிய ஒட்டு.

உளுந்தில் நிலைமை சற்று நம்பிக்கையானது. 1950-களில் தில்லியில் பாசிப்பயறில் கண்டு, 1960-ல் நாரியானி எழுதிய மஞ்சள் தேமல், வடக்கே ஒரு வைரஸாலும் தெற்கே அதன் சகோதர வைரஸாலும் வருகிறது. ஆகவே வடக்கே தாங்கும் ரகம் இங்கே தாங்கும் என்று நம்பி விதை வாங்கக் கூடாது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் 6, வம்பன் 8 போன்ற ரகங்கள் நம் மண்ணில், நம் வைரஸுக்கு எதிராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. படுகையில் பழகிய ஆடுதுறை 3 நெல் தரிசுக்கு ஏற்றது, ஆனால் தேமலுக்கு எளிதில் இடம் கொடுக்கும். நான் பார்த்த அந்த வயலில் விதைத்திருந்தது கடந்த ஆண்டு வீட்டில் எடுத்துவைத்த பழைய விதை. அவர் செய்த முதல் தவறு மாசியில் யூரியா கரைத்தது அல்ல, தையில் விதை எடுத்தபோது நடந்தது.

தாங்கும் ரகத்தையும் தனியே விட்டுவிட முடியாது. நாற்றங்காலுக்கு நைலான் வலை, வயலோரம் இரண்டு வரிசை மக்காச்சோளம், ஹெக்டேருக்கு ஒரு டஜன் மஞ்சள் ஒட்டும் அட்டை, முதல் மாதத்தில் தேமல் கண்ட செடியைக் கூச்சமில்லாமல் பிடுங்குவது, 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. இவற்றில் ஒன்று மட்டும் செய்தால் பெரிதாகத் தெரியாது. சேர்ந்து செய்தால், அதுவும் பக்கத்து வயல்காரரும் சேர்ந்தால், தெரியும்.

மருந்து கேட்கும் நோய்கள்

எல்லா மருந்தும் வீண் என்று சொல்லவரவில்லை. பூஞ்சாண நோய்கள் பல மருந்துக்குக் கட்டுப்படும், நேரம் தவறாமல் அடித்தால். மார்கழி, தைப் பனியில் பயறு இலையின் மேல் மாவு தூவினாற்போல் வரும் சாம்பல் நோயை விரலால் துடைத்தால் வந்துவிடும். நனையும் கந்தகம் அதற்குப் போதும். ஆனால் வெள்ளரி, பாகல், பீர்க்கு போன்ற கொடிக்காய்களில் இலையின் மேல் நரம்புகளுக்குள் அடங்கிய கோணல் மஞ்சள் புள்ளியும், விடியலில் அடிப்பக்கம் சாம்பல் நிறப் பஞ்சும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். பெயரில் சாம்பல் இருக்கிறதே என்று கந்தகம் அடித்தால் நிற்காது. கிருமியின் குலமே வேறு. 1999-ல் பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற விஞ்ஞானி, 10 சதவீதப் பசும்பால் கரைசல் சுரைவகைக் காயில் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார். சிறு தோட்டத்துக்கு அது போதுமான வழி. பால் விலையைப் பார்த்தால் ஏக்கர் கணக்குக்கு ஒத்துவராது.

போர்டோ கலவை நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலக்கியபின் பளபளக்கும் அரிவாளை அதில் நனைத்துப் பார்ப்பார்கள். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்வோர் உண்டு.

மண்ணிலிருந்து வரும் நாற்றழுகலுக்கும் வேர் அழுகலுக்கும் விதைக்கும் முன் செய்வதே மலிவு. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ். வயலுக்கு என்றால் ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து இட வேண்டும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான் என்பதை மறந்து அதையும் ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியையும் ஒரே விதையில் கலந்தால், காப்பவனை நாமே கொன்றதாகும்.

பாக்டீரியா நோய்க்கென்று பயிரில் தெளித்துவந்த ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையின் பயன்பாட்டை இந்திய அரசு 2024 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் மனிதருக்குக் காசநோய் மருந்து. வாடலை நிறுத்தாத ஒன்றுக்காக, நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படும் மருந்தைத் தோட்டத்தில் கொட்டி வீணடித்தோம். அந்தத் தடை சரியானது.

யார் பார்த்துச் சொல்வது

ஆராய்ச்சி நிலையத்துக்கும் வயலுக்கும் நடுவே இருப்பது மருந்துக் கடை. "அண்ணே, இலை சுருண்டு போச்சு, ஏதாவது குடுங்க" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் ஏதாவது கொடுக்கத்தான் செய்வார். வேருக்கு நோயா, இலைக்கு நோயா என்று கேட்க அவருக்கு நேரமில்லை. விற்காமல் அனுப்பினால் அவருக்கு வருமானமும் இல்லை. பார்த்துச் சொல்கிறவர் ஒருவரும் விற்கிறவர் வேறொருவருமாக இருக்க வேண்டும். மனித மருத்துவத்தில் நாம் ஏற்றுக்கொண்ட இந்த ஒழுங்கு பயிருக்கு இன்னும் வரவில்லை.

அதற்கான முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2003-ல் பொலிவியாவில் சந்தைக்கு நடுவே மேசை போட்டு உட்கார்ந்து, உழவர் கொண்டுவரும் செடியைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கும் பயிர் மருத்துவ முகாம் தொடங்கியது. 2011 முதல் அது பிளாண்ட்வைஸ் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது; தமிழ்நாட்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் இத்தகைய முகாம்களை நடத்தியது. செல்போனில் படமெடுத்தால் நோய் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் படம் இலையைத்தான் காட்டும். வேரைக் காட்டாது, டம்ளரில் இறங்கும் பால் இழையைக் காட்டாது, வரப்பில் நிற்கும் பார்த்தீனியத்தைக் காட்டாது.

பயிர் மருத்துவ முகாம் வாரம் ஒருநாள், ஒவ்வொரு உழவர் சந்தையிலும், ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் நடக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ஒரு மேசை, ஒரு கைலென்ஸ், ஒரு கத்தி, ஒரு கண்ணாடி டம்ளர், வயலில் நடந்து பழகிய ஒரு அலுவலர் போதும்.

அதுவரை உழவர்களிடம் ஒரு வேண்டுகோள். செடியைக் காட்ட வேளாண் அலுவலகத்துக்கோ அறிவியல் நிலையத்துக்கோ போகும்போது ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். முழுதும் செத்த செடியும் வேண்டாம்; நோய் பாதியில் இருக்கும் செடி இரண்டு, நோயற்ற செடி ஒன்று, வேரடி மண்ணோடு தோண்டி எடுங்கள். நெகிழிப் பையில் போட்டுக் கட்டினால் வியர்த்து அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றுங்கள். விதைத்த நாள், ரகம், இதுவரை அடித்த மருந்து, பக்கத்து வயலில் என்ன பயிர் என்பதை ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். நோயின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு மருந்துக் கடைக்குப் போங்கள்.